மைலேஜைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. வேலைக்கு நான் பைக்கில்தான் போகிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதம் ஒருமுறை திண்டிவனம் போய்வர ஒரு கார் வேண்டும். மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். ஆன்ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) பத்து லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். பன்ச், எக்ஸ்டர், ஃப்ரான்க்ஸ், மேக்னைட் இந்த நாலில் எது நல்ல மைலேஜ் தரும்? மாமா பிரெஸ்ஸாதான் எடுக்கணும் என்கிறார். சி.என்.ஜி. எடுக்கலாமா?

பதில்: மைலேஜ் கேட்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் அந்தக் கணக்கையே போட்டுவிடுவோம். திண்டிவனம் போய்வர சுமார் 250 கி.மீ. உள்ளூர் ஓட்டம் 450 என்று வைத்தால் மாதம் 700 கி.மீ. ஒரு கார் சராசரியாக லிட்டருக்கு 14 தருகிறது, இன்னொன்று 16 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டிக்கு 50 லிட்டர், இரண்டாவதற்கு 44 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் மாதம் 625 ரூபாய், வருஷத்துக்கு 7,500 ரூபாய் மிச்சம். அந்த 2 கி.மீ.க்காக 75,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வண்டி எடுத்தால், போட்ட காசு திரும்பப் பத்து வருஷம் ஆகும். உங்கள் ஓட்டத்துக்கு மைலேஜ் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம்.

விளம்பரத்தில் போடும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃப்ரான்க்ஸ் 1.2 மேனுவலுக்கு 21.79, பன்ச்சுக்கு 20.09, எக்ஸ்டருக்கு 19.4, மேக்னைட்டின் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 19.35 என்று சொல்வார்கள். இதெல்லாம் வண்டியை உருளைமேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு அளந்தது. நீங்கள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில், மே மாதத்தில், ஏசி போட்டுக்கொண்டு நிற்கப்போகிறீர்கள். இந்த நாலில் எதை எடுத்தாலும் நம்ம பக்கத்தில் 12 முதல் 14, திண்டிவனம் ரோட்டில் 17, 18 கிடைத்தால் நல்ல வண்டி என்று இருந்துவிடுங்கள். பங்க்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனாலும் கொஞ்சம் இறங்கும்.

மாமா சொல்லும் பிரெஸ்ஸா நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு எதிரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள் இருந்தால்தான் சிறிய கார் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். பிரெஸ்ஸா நீளத்தில் அடங்கினாலும் எஞ்சின் 1462 சி.சி. என்பதால் 40 சதவீதத்தில் விழுகிறது. நீங்கள் கேட்ட நாலும் 18-இல் வருபவை. தமிழ்நாட்டு ஆயுள் வரி இதற்குமேல். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. 9.9 லட்ச வண்டிக்கு 1,28,700 ரூபாய் கட்டுவீர்கள். 10.1 லட்ச வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் ஏறினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் ஏறுகிறது. அதாவது மேலே போட்ட கணக்கில் ஏழு வருஷத்து மைலேஜ் மிச்சம் ஒரே கையெழுத்தில் போய்விடும். உங்களுக்கு ஆன்ரோடு பத்துக்குள் முடிய வேண்டுமென்றால் ஷோரூம் விலை எட்டேகால் லட்சத்தைத் தாண்டக் கூடாது. "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடலே எடுத்துடலாம் சார்" என்று ஷோரூமில் ஆரம்பிக்கும்போது இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

சி.என்.ஜி. வண்டி 90,000 ரூபாயை ஒட்டி கூடுதல் விலை. மாதம் 700 கி.மீ.யில் அந்தப் பணம் திரும்பி வர நாலரை, ஐந்து வருஷம் ஆகும்; பங்க் வரிசையில் நிற்கும் நேரம் தனி. மாதம் 1,500 ஓடுபவர் கேட்டால் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். கேஸ் சிலிண்டர் டிக்கியில் இடம் பிடிக்கும்; ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டைக்கும் அம்மா பெட்டிக்கும் டிக்கி வேண்டுமே.

இனி நம்ம ஏரியா விஷயம். வடசென்னையில் கார் வாங்குபவர் தண்ணீரை நினைக்காமல் வாங்கக் கூடாது. தரையிலிருந்து உயரம் எக்ஸ்டருக்கு 185 மி.மீ., பன்ச்சுக்கு 187, ஃப்ரான்க்ஸுக்கு 190, மேக்னைட்டுக்கு 205. முதல் மூன்றுக்கும் இடையே ஒரு விரல் தடிமன்கூட வித்தியாசம் இல்லை. மேக்னைட் மட்டும் கொஞ்சம் உயரம். ஆனால் வண்டியைக் காலி பண்ணுவது அடியில் தட்டும் தண்ணீர் இல்லை, எஞ்சின் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே போகும் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் அக்கா வீட்டுக்காரர் கொடுங்கையூரில் தெருவில் நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்த மறுநாளே சாவி போட்டுத் திருப்பினார். ஒரே திருப்பு, எஞ்சின் போச்சு. முழு இன்சூரன்ஸ் இருந்தும் கிளெய்ம் வரவில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரை அவர் எடுக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் பேட்டரி வயரைக் கழற்றி, டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும். நீங்கள் எந்தக் கார் எடுத்தாலும் அந்தக் கவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் தெரிந்தால், எந்த எஸ்.யு.வி.யாக இருந்தாலும் திருப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகலம். இதை யாரும் கேட்பதில்லை. எக்ஸ்டர் 1710 மி.மீ., பன்ச் 1742, மேக்னைட் 1758, ஃப்ரான்க்ஸ் 1765. கண்ணாடிகள் இதில் சேராது. ஒரு பக்கம் பைக் வரிசை, மறுபக்கம் தண்ணீர் டிரம் என்று இருக்கும் தெருவில் ஐந்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். புதிதாக ஓட்டும் உங்கள் மனைவிக்கு இன்னும் பெரிய விஷயம்.

அவருக்காகவே ஏ.எம்.டி. கியர் உள்ளதை எடுங்கள். கியர் தானாக மாறும், கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது தலை லேசாக ஆடும், பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது, வண்டி பின்னால் உருளாமலிருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி நிற்கக் கூடாது. உள்ளே கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். பிரேக்கில் கால் வையுங்கள்.

நாலில் ஃப்ரான்க்ஸ் மைலேஜில் முந்தும், நெடுஞ்சாலையில் அமைதியாகப் போகும். ஆனால் தொடக்க விலையே மற்ற மூன்றைவிட அதிகம். பின்பக்கக் கூரை சரிந்து வருவதால் அம்மா குனிந்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது நல்லதல்ல. மேக்னைட்டில் கொடுத்த காசுக்கு வசதிகள் நிறைய. உங்கள் பட்ஜெட்டில் கிடைப்பது 72 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின். நாலு பேர், ஏசி, சாமானோடு திண்டிவனம் ரோட்டில் லாரியை முந்தும்போது மூச்சு வாங்கும்.

மிஞ்சுவது பன்ச்சும் எக்ஸ்டரும். பன்ச் 2021-இல், காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கதவுகள் 90 டிகிரி திறக்கும். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைக்கலாம். மேடு பள்ளத்தை விழுங்கிக்கொண்டு போகும். அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் மட்டும் நின்ற இடத்தில் ஒரு அதிர்வு உண்டு. எக்ஸ்டரில் நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன். டிராஃபிக்கில் எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாது. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு, டிக்கி 391 லிட்டர். (எக்ஸ்டர் இருங்காட்டுக்கோட்டையில், மேக்னைட் ஒரகடத்தில் செய்வதுதான். நம்ம ஊர்க்காரர் என்று விலையைக் குறைக்க மாட்டார்கள்.)

உங்கள் தெரு, உங்கள் மனைவி, உங்கள் பட்ஜெட் மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் கை எக்ஸ்டர் ஏ.எம்.டி.யின் நடு மாடல் பக்கம்தான் போகிறது. அம்மாவின் முழங்கால் மட்டும் அதை மாற்றலாம். இரண்டு ஷோரூமிலும் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், மாலை ஆறரை மணிக்கு, தெரு நிரம்பியிருக்கும் நேரம் பார்த்து. மனைவி ஓட்டட்டும். அம்மா பின்சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கட்டும், யாரும் கை கொடுக்காமல். எதில் அவர் முகம் சுளிக்காமல் இறங்குகிறாரோ, அதற்கு அட்வான்ஸ் கொடுங்கள்.