சோயாத் தீனியும் ஆண், பெண் குஞ்சுகளும்

கேள்வி: வீட்டு மொட்டை மாடித் தொட்டிகளில் கப்பி மீன் வளர்த்து விற்று வருகிறேன். மீன்தூளின் விலை ஏறியதால், சில மாதங்களாகச் சோயா மாவைப் பெருமளவு கலந்தே தீனி தயாரிக்கிறேன். இப்போது குஞ்சுகளில் பெண்களே அதிகமாகத் தெரிகின்றன. நிறமுள்ள ஆண் மீன்களையே கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இதற்குச் சோயாதான் காரணமா?
- வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 6

பதில்: உங்கள் ஐயம் ஆதாரமற்றதன்று. சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன், டைட்ஸீன் போன்ற ஐசோபிளேவோன்கள் என்னும் தாவரப் பொருட்கள் பெண்மை ஓமோனாகிய ஈஸ்ட்ரடயோலை வடிவத்தில் ஒத்திருப்பதால், அந்த ஓமோனுக்குரிய ஏற்பிகளில் அவையும் சென்று பிணைகின்றன. அவற்றின் ஆற்றல் ஓமோனைவிட மிகக் குறைவு. ஆயினும் ஒரு கிராம் சோயாவில் அவை சுமார் 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருப்பதால், அளவு அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. பிரான்ஸில் பண்ணைத் தீனி உண்ட ஆண் சைபீரிய ஸ்டேர்ஜன் மீன்களின் இரத்தத்தில், பெண் மீன்களுக்கே உரிய முட்டை மஞ்சட்கருப் புரதம் காணப்பட்டதற்குத் தீனியிலிருந்த இத்தகைய தாவரப் பொருட்களே காரணமெனக் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய விலாங்குக் குஞ்சுகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்தபோது பெண்களின் பங்கு கூடியது. பண்ணைகளில் பெரும்பாலும் ஆணாகவே வளரும் விலாங்கைப் பெண்ணாக்கிப் பெரிதாக வளர்க்க, ஜப்பானில் சோயா ஐசோபிளேவோனையே பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் விலாங்கில் நடந்தது கப்பியிலும் அப்படியே நடக்குமென்று கொள்ளக் கூடாது. விலாங்கு ஆணா பெண்ணா என்பதை வளரும் சூழலே பெரிதும் தீர்மானிக்கிறது. கப்பியிலோ தந்தையிடமிருந்து வரும் எக்ஸ், வை நிறமூர்த்தங்கள் தீர்மானிக்கின்றன. இனப்பெருக்க உறுப்பு ஆணாகவோ பெண்ணாகவோ உருவெடுக்கும் குறுகிய காலத்தில் மட்டுமே ஓமோன் போன்ற பொருட்களால் அந்தத் தீர்ப்பை மாற்ற இயலும். கப்பி குட்டி ஈனும் மீனாதலால் அந்தக் காலம் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே வளர்ந்த மீன்கள் உண்ணும் சோயாவைவிட, சினைப்பட்ட தாய்மீன் உண்ணும் சோயாவே கவனத்துக்குரியது.

சோயாவைக் குற்றஞ்சாட்டுமுன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். இளம் ஆண் கப்பிகள் முதல் சில வாரங்கள் பெண்களைப் போலவே தோன்றும். நிறம் ஏறிய ஆண்களை நீங்கள் விற்றுவிட்டால் தொட்டியில் எஞ்சுவன பெண்களே. 20 குஞ்சுகளில் 13 பெண்களாக அமைவது தற்செயலாகவும் நிகழக்கூடியதே. இதுவரை ஒரே தீனியில் வளர்ந்த தாய்மீன்களை இரு தொட்டிகளாகப் பிரித்து, ஒன்றுக்குச் சோயாத் தீனியும் மற்றொன்றுக்குச் சோயாவற்ற தீனியும் கொடுத்து, பல ஈற்றுக் குஞ்சுகளை முழுமையாக வளர்த்து எண்ணினாலன்றி முடிவுக்கு வர இயலாது.

அதுவரை, சினைமீன்களுக்கு மீன்தூள், ஆர்ட்டீமியா (மிகச்சிறிய உப்புநீர் இறால்) ஆகியவற்றைக் கொடுத்து, சோயாவை விற்பனைக்கு வளரும் மீன்களுக்கு ஒதுக்குங்கள். சோயாவை வறுப்பதாலோ அவிப்பதாலோ செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் குறையுமேயன்றி, ஐசோபிளேவோன்கள் பெரும்பாலும் எஞ்சிவிடும். அற்ககோல் கலந்த நீரால் பிரித்தெடுத்த சோயாப் புரதச் செறிவில்தான் அவை வெகுவாகக் குறைகின்றன. செலவைக் குறைக்கவென நுளம்புக் குடம்பிகளை வீட்டில் வளர்க்க மட்டும் முற்படாதீர்கள்; டெங்கு பரவும் நமது நகரில் அது அயலவரின் உயிரோடு தொடர்புடையது.

கேள்வி: திலாப்பியாக் குஞ்சுகளை ஆணாக்க நெருஞ்சிச் சாறு உதவுமா?
- வாசகி, மட்டக்குளி, கொழும்பு 15

பதில்: நெருஞ்சிச் சாற்றைத் திலாப்பியாவிலும் கப்பியிலும் பரிசோதித்து, ஆண்களின் பங்கு கூடியதாகச் சில ஆய்வுகள் தெரிவித்துள்ளன. ஆனால் செடி வளர்ந்த மண், பறித்த பருவம், பயன்படுத்திய பகுதி ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் வலிமை மாறுவதால், வீட்டில் வடித்த சாற்றிலிருந்து நிலையான பலனை எதிர்பார்க்க இயலாது. குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம் மெதைல்டெஸ்டோஸ்தெரோன் என்னும் செயற்கை ஆண்மை ஓமோன் கலந்து மூன்று அல்லது நான்கு வாரங்கள் கொடுக்கும் முறையையும் வீட்டில் முயல வேண்டாம். கையாளுபவருக்கும் கழிவுநீர் சேரும் வாய்க்காலுக்கும் அது தீங்கானது. ஆண் குஞ்சுகளே தேவையெனில், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் விசாரித்து வாங்குவதே ஏற்றது.