மாறிய கோப்புகளை மட்டும் இன்னொரு யூனிக்ஸ் சர்வருக்கு அனுப்புவது எப்படி?

சுமார் 200 ஜிபி கோப்புகளை இரவுதோறும் எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் இன்னொரு சர்வருக்கு முழுவதுமாக நகலெடுப்பதாகவும், அவற்றில் அன்றாடம் மாறுபவை மிகச் சிலவே என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாறியவற்றை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் (rsync) என்ற கருவி இதற்குப் போதும். ஆனால் மாற்றத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால், நெட்வொர்க்கில் இருந்த சுமை டிஸ்க்குக்கு இடம் மாறுமே தவிர குறையாது.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட இக்கருவி, முதலில் இருபுறமும் உள்ள கோப்பின் அளவையும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருந்தால் கோப்பைத் திறக்காமலேயே தாண்டிவிடும். ஒத்துப்போகாத கோப்பு என்றால், பெறும் சர்வர் தன்னிடமுள்ள பழைய நகலைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் செக்சமையும் (துண்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறு சரிபார்ப்பு எண்) அனுப்பி வைக்க, அனுப்பும் சர்வர் தன் புதிய கோப்பை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து பார்த்து அதே துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடும். பைட் பைட்டாக நகர்வதால்தான், கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியைச் செருகி மற்ற அனைத்தும் தள்ளிப்போனாலும், அந்த வரியை ஒட்டிய சிறு பகுதி மட்டும் அனுப்பப்படுகிறது.

முன்பு நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில், உட்கோப்புறைகளையும் சேர்த்து நகலெடுக்கும் 'ஆர்' என்ற விருப்பத்தை மட்டும் கொடுத்திருந்தேன். நெட்வொர்க்கில் அதிகம் எதுவும் போகவில்லை. ஆனாலும் வேலை விடியும் வரை ஓடியது. திருத்த நேரத்தைக் காக்கச் சொல்லாததால் மறுபுறத்தில் ஒவ்வொரு கோப்பும் நகலெடுத்த நேரத்தையே தாங்கி நின்றது. எனவே ஒவ்வொரு இரவும் எல்லாக் கோப்புகளும் மாறியவையாகத் தோன்றி, இரு பக்கமும் முழுமையாகப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. நேரத்தையும் உரிமைகளையும் காக்கும் 'ஏ' விருப்பத்துக்கு மாற்றிய பின், முதல் இரவு நேரங்களைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. மறுநாளிலிருந்து சில நிமிடங்களில் முடிந்தது.

ஜிசிப் என்ற சுருக்கும் கருவியால் சுருக்கிய டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்த பிரதி) உங்களிடம் இருந்தால் இந்தத் துண்டு ஒப்பீடு பெரும்பாலும் பயன்தராது, ஏனெனில் உள்ளே ஒரு வரி மாறினாலே அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். டம்பைச் சுருக்காமல் வைத்து, அனுப்பும்போது மட்டும் சுருக்குமாறு ஆர்சிங்கிடமே சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை நேரடியாக நகலெடுக்க வேண்டாம். கோப்புகள் பல லட்சமாக இருந்தால் அவற்றின் நேரங்களைச் சரிபார்க்கவே வெகுநேரம் பிடிக்கும். இருபுறமும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருக்குமானால் அதன் ஸ்னாப்ஷாட்களுக்கு (ஒரு கணத்தின் நிலையைப் பதிந்த நகல்கள்) இடையிலான வேறுபாட்டை அனுப்புவதே மேல்.

மூலத்தில் இல்லாதவற்றை மறுபுறத்திலும் அழிக்கும் 'டெலீட்' விருப்பத்தை, ஒத்திகை ஓட்டமான 'டிரை ரன்' இல்லாமல் முதன்முறை கொடுக்காதீர்கள். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும் என்பதை ஒத்திகையிலேயே கண்டுகொள்ளலாம். மூல டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகாமல் (அதற்குரிய கோப்புறையில் இணையாமல்) வெறும் கோப்புறை நின்றால், மறுபுறத்து நகல் முழுவதும் அழிந்துபோகும். ஆகவே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே சரிபார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.