ஃபாஸ்டர் சிட்டி கரைப்பாதையில் ஓட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டி ஃபாஸ்டர் சிட்டியில் ஓடும் தார்ப்பாதையில் பல வருடங்களாக ஜாகிங் போகிறேன். புதிதாக ஓட வருகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை. இந்தப் பாதை எனக்குச் சரிப்படுமா?

நன்றாகச் சரிப்படும். மேடு பள்ளம் கிட்டத்தட்ட இல்லை, நீள நெடுகத் தண்ணீர் கூடவே வரும். ஆனால் பாதை சுலபமாக இருப்பதாலேயே முதல் நாள் எல்லோரும் வேகமாக ஓடிவிடுகிறார்கள். அரை மைலில் மூச்சு முட்டி, நமக்கு ஓட்டம் ஒத்துவராது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படிப் பத்து முறை செய்தால் அரை மணி நேரம் ஆகிவிடும், முதல் இரண்டு வாரத்துக்கு அது போதும். ஓடும்போதே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். பிறர் ஓடும் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்குப் போனேன். போகும்போது பறக்கிற மாதிரி இருந்தது, திரும்பும்போது கால் நகரவே இல்லை. உடம்பில் ஏதாவது கோளாறா?

உடம்பில் கோளாறு இல்லை தம்பி, காற்றுதான் காரணம். கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடாகிவிடும், பசிபிக் கடலோ சில்லென்றே இருக்கும். அந்தக் குளிர்ந்த காற்று உள்ளே வர மலைகளுக்கு நடுவே இடைவெளி தேடும். அப்படி ஒரு தாழ்வான வாசல்தான் சான் புரூனோ பக்கம் இருக்கிறது. அதற்குள் புகுந்து, விமான நிலையத்தைக் கடந்து, நேராக நம் முகத்தில் வந்து அடிக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு வலுக்கும், காலையில் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

நான் ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பே தண்ணீரைப் பார்த்துவிடுவேன். சான் மாட்டேயோ பாலத்துக்கு வடக்கே காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் இறங்கியிருந்தால் காற்று பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வடமேற்கே, சீல் பாயின்ட் பக்கமாகக் காற்றை எதிர்த்தே ஓட்டத்தைத் தொடங்குவேன். உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றை முடித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிவிடும். நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. எதிர்க்காற்றில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள். மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று இடுப்பில் கட்டியிருக்கட்டும், வியர்வையோடு நின்றால் ஐந்தே நிமிடத்தில் குளிரெடுக்கும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். காலையில் தனியாக நடக்க அனுப்பலாமா?

தாராளமாக. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இங்கே வலப்பக்கம்தான் நடக்க வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம் ஒதுங்கியே பழகியவர்களுக்கு அது சட்டென்று வராது. பின்னால் சைக்கிளில் வருபவர் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுப்பார். இடப்பக்கமாகக் கடந்து போகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். என் மாமியார் அதைக் கேட்டதும், இடப்பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து நேராகச் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். நல்லவேளை, அந்தப் பெண் பிரேக் பிடித்துவிட்டாள். அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் அவரை நடக்கவைத்து, நான் பின்னாலிருந்து குரல் கொடுத்துப் பழக்கினேன். அப்புறம், கரைமேல் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள்.

சில நாள் ஒரே நாற்றம். சாக்கடை கலக்கிறதா?

அழுகிய முட்டை மாதிரி வந்தால் அது சேற்றின் வாடை. வற்றம் வந்ததும், அதாவது கடல்நீர் இறங்கியதும், சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். அதற்குள் காற்றே புகாத இடத்தில் நுண்ணுயிரிகள் செத்த தாவரங்களைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. அந்தச் சேறுதான் பறவைகளுக்குச் சாப்பாடு. குளிர்காலத்தில், ஏற்றம் வரத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தண்ணீர் ஏற ஏற உள்ளான் கூட்டம் கரையை நெருங்கி வரும். சின்னச் சின்ன உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக எழும்பித் திரும்பும்போது, ஒரு கணம் பழுப்பாகவும் மறுகணம் வெள்ளையாகவும் தெரியும். கோணமூக்கு உள்ளான் மேலே வளைந்த அலகை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். அதைப் பார்க்க ஓட்டத்தை நிறுத்தினால் தப்பே இல்லை, நான் நிறுத்துவேன்.

ஏற்ற வற்ற நேரம் தினமும் நகரும். அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மெரினா மாதிரி அலை ஏன் இல்லை?

பெருங்கடலுக்குத் திறக்கும் வாய் தூரத்தில் கோல்டன் கேட்டில்தான் இருக்கிறது. இந்தத் தென்பகுதி ஆழமும் இல்லாதது. ஆனால் மெரினா மாதிரியே இங்கேயும் சூரியன் தண்ணீருக்கு அப்பால் இருந்துதான் எழும், நாம் இருப்பது வளைகுடாவின் மேற்குக் கரை.

தார்ப்பாதையில் ஓடினால் முட்டி போய்விடும் என்கிறார்களே?

தாரைவிட அவசரம்தான் முட்டியைப் படுத்துகிறது. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எட்டி எட்டி வைக்காமல் அடிகளைச் சின்னதாக வையுங்கள். பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் போகவர ஒரே ஓரமாக ஓடாதீர்கள். வீக்கம் இருந்தாலோ, நடக்கும்போதே வலித்தாலோ ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இதே பாதையில் எவ்வளவு தூரம் போகலாம்?

ஊரைச் சுற்றும் கரை மட்டும் ஆறரை மைல் போல வரும். வடக்கே சீல் பாயின்ட் தாண்டிக் கயோட்டி பாயின்ட் வரை போகலாம். இதெல்லாம் ‘பே டிரெயில்’ என்ற பெரிய பாதையின் ஒரு துண்டு. வளைகுடாவைச் சுற்றி 500 மைலுக்கு 1987இல் சட்டம் போட்டுத் தொடங்கிய திட்டம் அது. 350 மைலுக்கு மேல் முடிந்துவிட்டது.

நம் காலடியில் இருக்கும் கரைக்கும் ஒரு கதை உண்டு. இந்த ஊரே 1960களில் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி எழுப்பியது. கடல் ஏறினால் தாங்காது என்பதால், கரையை உயர்த்த 2018இல் ஊர்மக்கள் 9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். வேலை நடந்த காலத்தில் பாதையைத் துண்டு துண்டாக மூடிவைத்திருந்தார்கள், அப்போது ரொம்பவே தவித்துப்போனேன். இப்போது தண்ணீர்ப் பக்கம் இரும்புச் சுவர் நிற்கிறது. வீட்டையும் பாதையையும் காக்கும் சுவர் என்று தெரிந்ததால் எனக்கு அது உறுத்தவில்லை.

குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாமா?

ஓடுவதற்கென்றே வரும் மூன்று சக்கர வண்டியாக இருந்தால் சரி. குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் உறுதிப்படும்வரை நடையோடு நிறுத்திக்கொண்டு, எப்போது ஓடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வண்டியின் பட்டை மணிக்கட்டில் இருக்கட்டும். காற்றடிக்கும் நாளில் நின்ற இடத்திலேயே வண்டி உருளும், பிரேக் போடாமல் கையை எடுக்காதீர்கள்.