ஆக்சிஜனுக்கும் சிவப்பு ஸ்டிக்கரா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எஸ்டேட் வேலைக்குப் போகும்போது ஆக்சிஜன், அசிட்டிலின், சமையல் கேஸ் தோம்புகளை மூடிய வேனில் படுக்கப் போட்டு எடுத்துப் போகிறேன். மூன்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'வகைச் சான்றிதழ்' எடுத்துத் தர ஓர் ஏஜெண்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். எந்த வாயு எந்த ஆபத்து வகை, அதன் எண் என்ன என்பது ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. எரியும் வாயு 2.1, எரியாத நச்சற்றது 2.2, நச்சு வாயு 2.3. அசிட்டிலின் (எண் 1001), சமையல் கேஸ் (1075) இரண்டும் 2.1, சிவப்பு. ஆக்சிஜன் (1072) 2.2, பச்சை, கூடவே 5.1 (எரிவதைத் தூண்டும் பொருள்) மஞ்சள். அது தானாக எரியாது, மற்றதை மூர்க்கமாக எரிய வைக்கும். வால்வில் கிரீஸ் பட்டாலே ஆபத்து. ஆக, அவர் ஒட்டப் போகும் ஸ்டிக்கரே தப்பு. விபத்து நடந்தால் பொம்பாக்காரர்கள் அதை நம்பித்தான் இறங்குவார்கள்.

உங்களுக்கு வேண்டிய தாள் இலவசம். 2013-ஆம் ஆண்டு அபாய இரசாயன விதிமுறைப்படி சப்ளையர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாதுகாப்புத் தரவுத் தாள் (SDS) தர வேண்டும். அதில் 14-ஆவது பகுதி போக்குவரத்து பற்றியது. வகையும் எண்ணும் அங்கேயே இருக்கும். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்று கடைக்காரர் சொன்னால் கடையை மாற்றுங்கள். இதைப் பட்டறைக்காரர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு கவுண்டர் அடுத்த கவுண்டரைக் காட்டும். அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் கடை விரிக்கிறார்கள்.

அடுத்து, படுக்கப் போடும் பழக்கம். ஆக்சிஜன் தோம்பை மட்டும், உருளாமல் இறுக்கிக் கட்டினால், படுக்க வைக்கலாம். உள்ளே இருப்பது வெறும் வாயுதான். அசிட்டிலினுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது அசிட்டோனில் கரைந்திருக்கிறது. சாய்த்துவிட்டுத் திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். சமையல் கேஸுக்கும் கிடையாது. படுத்தால் உள்ளிருக்கும் திரவம் பாதுகாப்பு வால்வை எட்டிவிடும். "கிட்டத்தில்தானே, அஞ்சு நிமிஷம்தானே" என்று கேட்காதீர்கள். விதிவிலக்கு ஆக்சிஜனோடு முடிந்தது.

மூடிய வேனையும் விட்டுவிடுங்கள். கசியும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும். திறந்த லோரியில் நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைத் திருகிப் போடுங்கள். அப்புறம், காலித் தோம்பிலும் மிச்ச வாயு இருக்கும். அதன் வால்வையும் இறுக்கி மூடிவிட்டே ஏற்றுங்கள்.