ஜூனிபர் பொன்சாய் மஞ்சளாகிறது: உரமா, தொட்டி மாற்றமா?

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். டிசம்பரில் ஒரு சின்ன ஜூனிபர் (ஊசியிலை மர வகை) பொன்சாய் அன்பளிப்பாக வந்தது. வரவேற்பறை ஜன்னலோரம், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, வாரம் மூன்று முறை ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர் விட்டு வந்தேன். இப்போது ஏப்ரல். உள்பக்கத் தழைகள் மஞ்சளாகின்றன. வெளித்தழையும் களையிழந்து தூசு படிந்தது போல் இருக்கிறது. மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உரம் போடலாமா, தொட்டியை மாற்றலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வேர் நலிந்திருக்கும்போது உரத்தின் உப்பு அதை இன்னும் கருக்கும். தொட்டியை மாற்றினால் மிச்சமிருக்கும் மெல்லிய வேர்களும் அறுந்துபோகும். முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜூனிபர் செத்தாலும் உடனே காட்டிக்கொள்ளாது. வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் மரம் வாரக்கணக்கில் பச்சையாக நிற்பது போலத்தான் இதுவும். இன்று தெரியும் மஞ்சள் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ நடந்த கேட்டின் பலனாக இருக்கலாம்.

ஒரு மெல்லிய கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால், தழையும் தொட்டவுடன் நொறுங்கி உதிர்ந்தால், அந்தக் கிளை போய்விட்டது. நுனிகளில் வெளிர்பச்சைக் கொழுந்து இருந்தால் நல்ல அறிகுறி.

அடுத்து, மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். தண்டை ஒட்டிய பழைய தழை மட்டும் மஞ்சளாகி, நுனிகள் தெளிந்த பச்சையாக இருந்தால் அது நிழலாலும் வயதாலும் வருவது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம், காய்ந்ததைச் சாமணத்தால் எடுத்துவிட்டால் போதும். வசந்தத்தில் இளந்தளிர் நுனி மட்டும் கருகி, காய்ந்த பகுதியும் பச்சையும் சேருமிடத்தில் சாம்பல் நிற வளையமும் கரும்புள்ளிகளும் தெரிந்தால் நுனிக்கருகல் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் 'தூசு படிந்த' தோற்றம் வேறொன்றைச் சொல்கிறது. ஹீட்டரின் வறண்ட காற்றும் மழைபடாத தழையும் சிலந்திப்பேனுக்கு, அதாவது தழைச்சாற்றை உறிஞ்சும் மிக நுண்ணிய உயிருக்கு, ஏற்ற இடம்.

ஒரு வெள்ளைத்தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். விழும் தூசியை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். மிளகுத்தூளைவிடச் சிறிய புள்ளிகள் நகர்ந்தால் அவைதாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தழையில் ஊசிமுனை அளவு வெளிர்ப்புள்ளிகளும், கிளை இடுக்கில் மெல்லிய வலையும் தெரியும். தொட்டியைப் பிளாஸ்டிக் பையால் மூடி மரத்தைச் சாய்த்துப் பிடித்து, தழையின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறையாக இரண்டு வாரம் செய்யுங்கள். முட்டைகள் பின்னால் பொரிக்கும் என்பதால் ஒரே தடவையோடு விட்டுவிடக் கூடாது. அதிலும் அடங்காவிட்டால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை மாலையில் தழை நனையத் தெளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தெளியுங்கள். கார்பரில் போன்ற பொதுவான பூச்சிமருந்தை அடிக்காதீர்கள். பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, பேன் முன்னைவிடப் பெருகும்.

இனி தண்ணீர். ஒட்டிய கற்களை இன்றே பெயர்த்தெடுங்கள். அவை இருந்தால் ஊற்றும் நீர் ஓரமாக வழிந்துவிடும், மண் எப்படி இருக்கிறதென்றும் தெரியாது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? பிறகு ஒரு மூங்கில் குச்சியை ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். காய்ந்து வந்தால் நீங்கள் விட்ட கிண்ணத் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்திருக்கிறது. உலர்ந்த பீட் மண் (மக்கிய பாசியாலான மண்) நீரைத் தள்ளிவிடும் என்பதால், தொட்டியைக் கால்மணி நேரம் நீரில் அமிழ்த்தி எடுங்கள். சொதசொதவென்று வந்து புளித்த வாடை அடித்தால் வேரழுகல். அப்போது மட்டும், வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, ஓட்டையுள்ள பெரிய தொட்டியில் வைத்து, சுற்றிலும் தூசி சலித்த பியூமிஸ் கல்லை (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) நிரப்புங்கள். வேரைக் கழுவ வேண்டாம். ஜூனிபர் அதைத் தாங்காது. இனிமேல் மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். விடும்போது அடியில் வழியும்வரை, சில நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் ஊற்றுங்கள். கிழமைக் கணக்கு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, மரம் வீட்டுக்குள் இருப்பது. கடைகளில் பெரும்பாலும் விற்கும் 'ப்ரோகும்பென்ஸ் நானா' ஜப்பானின் தென்கடற்கரைத் தாவரம். அதற்கு நேர்வெயிலும் வேண்டும், குளிர்கால உறக்கமும் வேண்டும். ஜன்னலோரத்தில் இரண்டுமே கிடைக்காது. ஆனால் இன்றே தூக்கி வெளியே வைத்துவிடாதீர்கள், ஹீட்டர் சூட்டில் இருந்த மரத்துக்கு இரவு உறைபனி ஆபத்து. மே நடுவில் வெளியே கொண்டுபோய், முதல் வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம் காட்டி, பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும்.

இந்த ஆண்டு முழுக்கப் பச்சைத் தழையை வெட்டவோ கிள்ளவோ கம்பி சுற்றவோ வேண்டாம், அந்தத் தழைதான் வேரைத் தேற்றும். புதுக்கொழுந்து ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, சொல்லியிருக்கும் அளவில் பாதி மட்டும் உரம் கொடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் தொட்டியைத் தோட்டத் தரையில் புதைத்து மேலே மரப்பட்டைத் தூளால் மூடுங்கள். தோட்டம் இல்லையென்றால் சூடேற்றாத கராஜ் போதும், அங்கும் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டி மாற்றுவது அதற்கடுத்த மார்ச்சில், மரம் திடமாக வளர்ந்திருந்தால் மட்டும்.