ஆண் எல்க் மான் கூவுவதை வைத்து அது என்ன செய்யப் போகிறது என்று வேட்டைக்காரர்கள் எப்படிக் கணிக்கிறார்கள்?

எல்க் இணைசேரும் காலமான செப்டம்பரில், உரிமத்தோடு, வில்லோடு வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேட்டையே பாவம் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

தாழ்வாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, விசிலாக நீண்டு, உறுமல் எதுவும் இல்லாமல் முடிந்தால், "நான் இங்கே, அங்கே யார்?" என்பதோடு சரி. நீங்களும் அதே வெறும் கூவலால் பதில் கொடுத்து, திசையைப் பிடித்து, சத்தமில்லாமல் நெருங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே சவால் விட்டால், பெட்டைகளோடு இருக்கும் ஆண் பெரும்பாலும் சண்டைக்கு வராது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த சரிவுக்குப் போய்விடும். புதியவர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

சவால் கூவல் கரகரப்பாக, குட்டையாக, கத்தலில் போய் முடியும். பின்னாலேயே "ஹக், ஹக், ஹக்" என்று நாலைந்து கனைப்பும் வரலாம். ஆனால் ஒலியின் வகையைவிட நேரம்தான் முக்கியம். உங்கள் கூவல் முடியும் முன்பே குறுக்கே வெட்டிப் பதில் வந்தால், அது கொதித்துப் போயிருக்கிறது. அடுத்த பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டால் அம்பை நாணில் பூட்டிவிட்டு, இன்னொரு ஆண் கொம்பைத் தேய்ப்பது போல, காய்ந்த மரக்கிளையால் ஒரு மரத்தைப் பரபரவென்று தேயுங்கள். ஒவ்வொரு பதிலும் தள்ளித் தள்ளிப் போனால் கூவுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் சுற்றி வாருங்கள்.

கூவல் குழாயின் (மானைப் போலக் கூவ வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் குழாய்) வாயை உள்ளங்கையால் தட்டினால் வருகிற மாதிரி "க்ளங்க், க்ளங்க்" என்று அடிவயிற்று ஓசை வந்தால், ஆண் ஒரு பெட்டையின் பின்னாலேயே நிற்கிறது. இது தூரத்துக்குக் கேட்காது. கேட்கிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் இருக்கிறீர்கள். எந்த அழைப்புக்கும் அது பெட்டையை விட்டு லேசில் வராது. நீங்கள்தான் போக வேண்டும்.

குரலை வைத்துக் கொம்பின் அளவைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பெரிய ஆண் கீச்சென்று கத்துவதும், இளசு உறுமுவதும் சகஜம். போனில் கேட்டுப் பழகுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கூவலில் 4,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் விசிலும், 150 ஹெர்ட்ஸ் அளவிலான அடிக்குரலும் சேர்ந்தே வருவதை 2016இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அந்த அடிக்குரலைப் போன் ஸ்பீக்கர் விழுங்கிவிடும். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

  

வெடுக்கென்று ஒற்றைக் குரைப்பு கேட்டால் அது எச்சரிக்கை. ஏதோ அசைந்ததைப் பார்த்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. அப்படியே உறைந்து நில்லுங்கள், ஒருவேளை தணியும். உங்கள் வாடை எட்டிவிட்டால் எந்த அழைப்பும் பயன்படாது. விடியற்காலையில் காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு முன் நீங்கள் பக்கவாட்டுக்கு மாறியிருக்க வேண்டும்.