வெள்ளம் மீளுமா?

கேள்வி: எங்கள் மாதர் சங்க அறிக்கையில் '2011 ஜனவரியில் வந்த வெள்ளம் பெப்ரவரியில் மீண்டது' என்று எழுதினேன். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். மறுபடி நடப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒற்றை வினை இருக்கிறதே, தமிழில் கூடாதா? 'மீள்நிகழ்ந்தது' என்றாவது எழுதலாமா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கோடு போட்டவருக்கு முதலில் நன்றி சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியதற்கு அர்த்தம் நேர் எதிர். மீள்வது என்றால் போன இடத்திலிருந்தோ அகப்பட்ட இடத்திலிருந்தோ திரும்புவது. கடனிலிருந்து மீள்கிறோம், காய்ச்சலிலிருந்து மீள்கிறோம். திரும்ப வழியில்லாததை அஞ்சலிப் பிரசுரங்களில் 'மீளாத் துயர்' என்கிறோம். ஆகவே 'பெப்ரவரியில் வெள்ளம் மீண்டது' என்றால், முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கிவிட்டது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். உண்மையில் அந்த மாதம் மட்டக்களப்பும் அம்பாறையும் இரண்டாம் தடவை மூழ்கின. நிவாரணம் கேட்டு எழுதுகிற அறிக்கையில் இந்தப் பிழை ஆபத்தானது!

சரி, மீள் என்ற வினை தனியே நின்று மறுபடி வருவதைச் சொல்லவே சொல்லாதா? சொல்லும், கணக்குப் பாடத்தில். ஒன்றை ஏழால் வகுத்தால் 0.142857 என்று போய், அதே ஆறு இலக்கங்களும் அதே வரிசையில் முடிவில்லாமல் வருகின்றன. அதை மீளும் தசமம் என்கிறோம். அங்கே இலக்கம் புதிதல்ல, பழையதுதான் தன் இடத்துக்குத் திரும்புகிறது. வெள்ளம் அப்படியல்ல. ஜனவரித் தண்ணீர் கடலில் கலந்துவிட்டது, பெப்ரவரியில் வந்தது வேறு மழை, வேறு தண்ணீர். விபத்தும் களவும் இதே சாதிதான். இவற்றுக்கு மீள் என்பது துணையாக வரலாம், நடந்ததைச் சொல்ல இன்னொரு வினை வேண்டும்: மீண்டும் வந்தது, மீள நிகழ்ந்தது. அரசாங்கக் கணக்கில்கூட 'மீளும் செலவினம்' என்று விடாமல், 'மீண்டுவரும் செலவினம்' என்று 'வரும்' சேர்த்தார்கள். (செலவுதான் வருகிறது, காசு மீள்வதாகக் காணோம்.)

ஒற்றை வினை இல்லை என்று மனம் நோக வேண்டாம். 'மீண்டும்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: மீண்டு, உம். உள்ளே ஒரு முழு வினையெச்சம் இருக்கிறது. அதனால்தான் 'மீண்டும் திரும்பவும் மீள நிகழ்ந்தது' என்று கூட்டக் குறிப்புகளில் பார்க்கும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. ஒன்று போதும்.

'மீள்நிகழ்ந்தது' வேண்டாம். மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை, மீள்சுழற்சி எல்லாம் பெயர்ச்சொற்கள், வழக்கில் ஊறிவிட்டன. அதே 'மீள்' முன்னொட்டை வினைமுற்றிலும் ஒட்டினால் நாளைக்கு மீள்சாப்பிட்டோம், மீள்தூங்கினோம் என்று போகும். சேர்க்கத் தெரிந்தவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கணிதப் புத்தகத்தைத் திறவுங்கள். ஒரு பெறுமானம் எத்தனை தடவை வருகிறது என்பதற்கு நம் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் மீடிறன். மீள், திறன் இரண்டும் புணர்ந்து, நாள்தோறும் 'நாடோறும்' ஆவதுபோல, ளகரம் மறைந்து தகரம் டகரமாயிற்று. தமிழகத்தில் இதையே நிகழ்வெண் என்கிறார்கள். எனக்கு நம்முடையதுதான் பிடிக்கும். அதே விதிப்படி பரீட்சை மீள்திருத்தம் 'மீடிருத்தம்' ஆக வேண்டும். பெறுபேறு குறைந்து விண்ணப்பப் படிவத்தோடு நிற்கிற பிள்ளையிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, மீள் வேறு, மீட்டல் வேறு. நாம் மீள்கிறோம். அடகு வைத்த நகையை மீட்கிறோம், வள்ளத்தில் போய் ஆட்களை மீட்கிறோம். 'வெள்ளத்தில் சிக்கியவர்கள் மீண்டனர்' என்றால் தாமாக வந்தார்கள். 'மீட்கப்பட்டனர்' என்றால் யாரோ போனார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் முக்கியம்.

உங்கள் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: '2011 ஜனவரியில் வந்த வெள்ளம் வடிந்து, பெப்ரவரியில் மீண்டும் வந்தது.' இதே செய்தியை நம் ஊர்ப் பெத்தா (பாட்டி) ஒருத்தி 'மறுகாவும் வெள்ளம் வந்திட்டு' என்று முடித்துவிடுவார். அறிக்கையில் 'மறுகா' எழுதலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். என் பக்கத்தில் தடையில்லை, உங்கள் சங்கச் செயலாளர் கையெழுத்து வைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.